தியேட்டர் வாட்டர்மார்க் சீட் நம்பரைக் காட்டுமா?

வாளையார் வாத்தி:
புதுப்படத்தின் திருட்டுப் பிரதி வெளியான அன்றே வந்துவிட்டது. அதற்குப் பொள்ளாச்சிக்காரர், "கவலை வேண்டாம், படத்துக்குள் மறைவாகப் பதித்திருக்கும் அடையாளமான வாட்டர்மார்க்கை வைத்து எந்த சீட்டில் உட்கார்ந்து எடுத்தான் என்பது வரை கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திரைக்கு எப்படிங்க தெரியும்? கதை விடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

பொள்ளாச்சிக்காரன்:
வாத்தியாரே, பேப்பர் படிப்பதில்லையா? 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஆளைத் தியேட்டருக்குள்ளேயே வைத்துப் பிடித்தார்கள். சீட் தெரியாமலா?

கொழிஞ்சாம்பாறை ஆப்பரேட்டர்:
கேபினிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேளுங்கள். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் வகுத்த டிசிஐ விதிப்படி வாட்டர்மார்க் மொத்தமே 35 பிட், அதாவது 0 அல்லது 1 என்று 35 இடம். 19 பிட் எந்த இடம், எந்த சர்வர் என்பதற்கு. மீதி 16 பிட் நேரத்துக்கு, அதுவும் 15 நிமிடத்துக்கு ஒரு முத்திரைதான். படத்தின் ஒவ்வொரு 5 நிமிடத் துண்டிலும் இது முழுதாக இருக்க வேண்டும். பூட்டுத் திறந்து படம் ஓடும்போது தியேட்டர் சர்வரே இதைப் பதிக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. சரி, இதில் சீட் நம்பர் எந்த பிட்டில் இருக்கிறது?

பொள்ளாச்சிக்காரன்:
பிட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பிடித்தார்களா இல்லையா?

மீனாட்சிபுரம் எடிட்டர்:
ஓரத்திலிருந்து எடுத்தால் திரை நேர்ச் செவ்வகமாக விழாது, ஒரு பக்கம் குறுகும். அந்தக் கோணத்தை அளந்தால் எந்தப் பக்கம், ஏறக்குறைய எந்த வரிசை என்று வந்துவிடும். ஒலியில் வாட்டர்மார்க் வைத்து, ஸ்பீக்கர்களிலிருந்து அது வந்து சேரும் நேர வித்தியாசத்தால் இடத்தைக் கணிக்கிற ஆராய்ச்சியும் உண்டு. அப்புறம் முன்பதிவுப் பட்டியல் இருக்கிறது.

பொள்ளாச்சிக்காரன்:
கேட்டீர்களா? சீட் நம்பர்!

கொழிஞ்சாம்பாறை ஆப்பரேட்டர்:
அது கோணக் கணக்கு தம்பி. வாட்டர்மார்க் இல்லை. எந்த பிட் என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

பொள்ளாச்சிக்காரன்:
பிரதி வெளியே போவதே உங்கள் கேரளப் பக்கத்திலிருந்துதான். தமிழ்நாட்டில் எங்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னால் காட்சி கிடையாது. விடியற்காலையில் ஓட்டுவது யார்?

கொழிஞ்சாம்பாறை ஆப்பரேட்டர்:
அந்தக் காட்சிக்கு எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வருவது யார்? பார்க்கிங்கில் போய்ப் பாருங்கள், வரிசையாக டிஎன் 41, உங்கள் பொள்ளாச்சி வண்டிகள்.

பொள்ளாச்சிக்காரன்:
வந்து என்ன கண்டோம்? தீபாவளி அன்று உங்கள் தியேட்டரில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொழிஞ்சாம்பாறை ஆப்பரேட்டர்:
பூட்டிய படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கேடிஎம் வரத் தாமதம், நான் என்ன செய்ய? அந்தச் சாவி எங்கள் சர்வருக்கென்றே வரவேண்டும். வந்தாலும் அதில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் திறக்காது. அன்று என் சட்டையைப் பிடித்ததும் டிஎன் 41 கூட்டம்தான். மறக்கவில்லை.

அட்டப்பள்ளம் அக்கா:
தியேட்டரை விடுங்கள், ஓடிடியிலிருந்து போனால்? அங்கே ஒவ்வொரு சின்னத் துண்டையும் ஏ, பி என்று இரண்டு விதமாக வைத்திருக்கிறார்கள். எந்தத் துண்டு ஏ, எது பி என்ற வரிசை ஒவ்வொரு கணக்குக்கும் மாறும். கசிந்த பிரதியில் அந்த வரிசையைப் படித்தால் எந்தக் கணக்கு என்று தெரியும். நாலைந்து கணக்குகளின் பிரதியைக் கலந்துவிட்டால்தான் சிக்கல்.

கொழிஞ்சாம்பாறை ஆப்பரேட்டர்:
அதிலும் சீட் நம்பர் வராது அக்கா. வீட்டு சோபாவுக்கு நம்பர் போட்டிருக்கிறார்களா என்று பொள்ளாச்சிக்காரரைக் கேளுங்கள்.

வாளையார் வாத்தி:
திருட்டுப் பிரதிக்கு 2023 திரைப்படச் சட்டத் திருத்தத்தில் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. அபராதம் மூன்று லட்சத்தில் ஆரம்பித்து, ஆடிட்டர் சரிபார்த்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. இதில் எங்குமே சீட் நம்பர் இல்லை.

பொள்ளாச்சிக்காரன்:
சீட் தெரியாமல் யாரை உள்ளே வைப்பார்கள், சர்வரையா?

கொழிஞ்சாம்பாறை ஆப்பரேட்டர்:
எந்த பிட்?

பொள்ளாச்சிக்காரன்:
எங்கள் ஊர் வண்டி நம்பரை எதற்கு இழுத்தீர்கள்? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.