கடலோர வீட்டு மாடியில் சோலார்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு மிக அருகிலுள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைக்க எண்ணியுள்ளோம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு என்பதாலும், நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் எதிர்பார்க்கலாம் என்பதாலும் வரவு செலவுக் கணக்கில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் உப்புக் காற்றைப் பற்றியதே. எங்கள் மாடிக் கைப்பிடிக் கம்பியில் பெயிண்ட் உப்பி, விரலால் தட்டினாலே துரு செதில் செதிலாக உதிர்கிறது. பேனலைத் தாங்கும் சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சிட்ட இரும்பு போதுமா, அலுமினியம்தான் வேண்டுமா? 2011இல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்தவர்கள் நாம். தளம் ஒழுகாதபடி சட்டத்தை எவ்வாறு இறுக்கினீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

அடுத்தது நிழல். பிற்பகலில் பக்கத்து வீட்டுத் தென்னை ஓலைகளின் நிழல் இரண்டு பேனல்கள் மீது விழும். (மரத்தை வெட்டச் சொல்ல மனமில்லை, சொன்னாலும் வெட்டமாட்டார்கள்.) தொடராக இணைத்த பேனல்களில் ஒன்று நிழலில் இருந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம் என்பதால், பேனலுக்கொன்றாகப் பொருத்தும் மைக்ரோ இன்வெர்ட்டருக்கு (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறு கருவி) கூடுதலாகச் செலவிடலாமா?

மின்வாரிய இணைப்போடு இயங்கும் சாதாரண இன்வெர்ட்டர், லைனில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக மின்தடையின்போது தானும் நின்றுவிடும். ஆகவே பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகையை வைத்திருப்போர், அதன் பராமரிப்புச் செலவையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துவோரின் பதில்களையே பெரிதும் எதிர்பார்க்கிறேன்.