வாட்கின்ஸ் கிளென்: 19 அருவி இருந்தும் கால் நனைக்க இடமில்லையா?

ஊர்சுற்றி:
கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் பூங்காவுக்குப் போனோம். குறுகலான மலையிடுக்கு, இரண்டு மைலுக்குள் 19 அருவிகள். ஒன்றில்கூடக் கால் நனைக்க விடமாட்டார்களாம். 800க்கும் மேற்பட்ட கல்படிகளில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டியதுதான். பனிக்காலத்தில் அந்தப் பாதையையும் மூடிவிடுகிறார்கள். இதற்கு ஏன் இவ்வளவு பேர் கொடிபிடிக்கிறீர்கள்?

பாறைப்பித்தன்:
மூடாமல் என்ன செய்வார்கள்? இருபுறமும் 200 அடிச் சுவர், அதுவும் அடுக்கடுக்கான ஷேல் பாறை, சேறு இறுகி உண்டானது. விரிசலில் இறங்கும் தண்ணீர் உறைந்தால் பாறையைப் பிளக்கும், உருகினால் கல் கழன்று விழும். ஒவ்வொரு வசந்தத்திலும் ஊழியர்கள் கயிற்றில் தொங்கியபடி, ஆடிக்கொண்டிருக்கும் கற்களைத் தட்டித் தள்ளிய பிறகுதான் பாதை திறக்கும். அப்போது நீங்கள் கீழே துண்டோடு நிற்க வேண்டுமா?

ஊர்சுற்றி:
துண்டெல்லாம் வேண்டாம் சாமி. நான் கேட்பது கோடையை. முழங்கால் அளவு தண்ணீருக்கு என்ன பயம்?

ஓடைக்கரை:
முழங்கால் அளவு என்று மேலிருந்து பார்த்து எப்படிச் சொல்கிறீர்கள்? சுழலில் சிக்கிய கல்லும் மணலும் பாறையைக் குடைந்த குழிகள் அவை. ஓரமெல்லாம் பாசி வேறு. மேலே எங்கோ மழை பெய்தால் அந்த ஒடுக்கத்தில் தண்ணீர் ஒதுங்க இடம் கிடையாது. 1935 ஜூலை வெள்ளம் அங்கிருந்த நடைபாதையையே அடித்துக்கொண்டு போனது.

தனிவழி:
போனது போகட்டும் என்று விட்டிருக்கலாமே. மலையிடுக்குக்குள் படியும் பாலமும் கட்டிவிட்டு அதை இயற்கை என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

பாறைப்பித்தன்:
அந்தப் படி இல்லையென்றால் நீங்களும் நானும் ரெயின்போ அருவியைப் படத்தில்தான் பார்த்திருப்போம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய படைதான், வெள்ளத்துக்குப் பிறகு உள்ளூர்க் கல்லைக் கொண்டே பாதையைத் திரும்பக் கட்டியது. கேவர்ன் கேஸ்கேட் அருவிக்குப் பின்னால் நடந்தீர்களா? முகத்தில் சாரல் அடித்திருக்குமே, அது கணக்கில் இல்லையா? கூட்டம் பிடிக்காவிட்டால் மேலே விளிம்புப் பாதை இருக்கிறது.

தனிவழி:
விளிம்பிலிருந்து பாதி இடத்தில் மரம்தான் தெரிகிறது.

ஓடைக்கரை:
ஊர்சுற்றி, குளித்தே ஆக வேண்டுமென்றால் இத்தாக்கா பக்கம் ராபர்ட் ட்ரீமன் பூங்காவுக்குப் போங்கள். கீழருவியின் காலடியிலேயே குளிக்கலாம். கோடையில் லைஃப்கார்ட் இருப்பார். தண்ணீர் மட்டும் எலும்பு வரை குளிரும். அப்புறம், வீட்டில் படி ஏற முடியாதவர்கள் இருந்தால் அதே பக்கத்து டாகனாக் பூங்கா நல்லது. முக்கால் மைல் சமதளப் பாதையில் போனால் 215 அடி அருவி. நயாகராவைவிட உயரம்.

ஊர்சுற்றி:
ட்ரீமனில் லைஃப்கார்ட் போட முடிகிற மாநிலத்துக்கு வாட்கின்ஸ் கிளெனில் மட்டும் கை வராதோ?

பாறைப்பித்தன்:
ட்ரீமனில் குளிக்கும் இடம் இடுக்கு முடிந்து வெளி திறக்கும் இடத்தில் இருக்கிறது. இங்கே இடுக்குக்கு உள்ளே. லைஃப்கார்ட் தண்ணீரைப் பார்ப்பாரா, தலைக்கு மேலே கல்லைப் பார்ப்பாரா?

ஊர்சுற்றி:
அதே கல்லுக்குக் கீழேதானே ஆயிரக்கணக்கில் நடக்க விடுகிறீர்கள்! அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.