புதுப்பிப்பு: வேல்ஸ் போய்ச் சாப்பிட்டு வந்தாயிற்று

திருமண நாளுக்கு வேல்ஸில் ஒரே ஒரு பெரிய சாப்பாடு, அதற்கு எந்த உணவகம், அனிஸ்ஹீரா வால்நட் ட்ரீயா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் அனிஸ்ஹீர் என்றீர்கள். 2022-ல் வேல்ஸுக்கு முதன்முதலாக இரண்டு மிஷலின் நட்சத்திரம் (உணவகங்களுக்குத் தரும் பெரிய அங்கீகாரம்) வாங்கிய இடம்தான். ஆனால் முப்பது வகை போல வரிசையாக வரும். என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஆக, ஆபர்கவெனி என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் வால்நட் ட்ரீக்கே போனோம். 1963-லிருந்து 2001 வரை ஃபிராங்கோ தருஸ்கியோ என்ற இத்தாலியர் நடத்தியது. 2008-ல் ஷான் ஹில் என்ற சமையல்காரர் எடுத்து, 2010-ல் நட்சத்திரமும் வாங்கினார். பார்த்தால் சாதாரண ரோட்டோரச் சத்திரம். எனக்கு அதுவே பிடித்தது.

தங்கிய கிராமத்து ஹோட்டல் (பெயர் வேண்டாம்) சொதப்பியது. எட்டரைக்குள் வராவிட்டால் சாப்பாடு இல்லையாம். முன்பதிவில் ஒரு வார்த்தை இல்லை. முதல் ராத்திரி பிஸ்கட்தான்.

காலையில் ஈடுகட்டிவிட்டார்கள். லேவர்பிரெட்! பேரில்தான் ரொட்டி. கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்து மசித்த கரும்பச்சை விழுது. ஓட்ஸில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் வடைபோல் தட்டிப் பொரித்திருந்தார்கள். ஓரம் மொறுமொறு, உள்ளே கொழகொழ, வாயெல்லாம் கடல் உப்பு. பக்கத்தில் சிப்பிக்கறி.

வீட்டுக்காரர் ஒரு வாயோடு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். சரி, நல்லதாகப் போயிற்று.