ராமேஸ்வரம் தீவுக்குத் தனிப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை வேண்டுமா?

பாம்பன்காரன்:
2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இப்படி ஒரு நேரத்தில் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் போட்டால் எடுப்பது ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ். தங்கச்சிமடத்தில் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முடிவெடுக்கும் அதிகாரத்தோடு தீவுக்குள்ளேயே ஓர் அறை வேண்டும்.

ரெவின்யூ ரிட்டயர்டு:
தம்பி, சந்து பொந்து தெரிந்திருப்பது விஏஓ வேலை. ரோட்டில் மரம் விழுந்து, மின்கம்பியும் அறுந்து கிடக்கிறது. தீயணைப்புக்காரர் ரம்பத்தோடு வந்து நிற்பார். லைனை நிறுத்திவிட்டோம் என்று மின்வாரியம் சொல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது. பின்னால் 108 காத்திருக்கும். இந்த மூவரில் யார் யாருக்காக நிற்கிறார் என்று தெரிந்து ஆளை விரட்டுவதுதான் கட்டுப்பாட்டு அறை. இரண்டு அறை இருந்தால், லைனை நிறுத்து என்று ஒன்று சொல்லும், ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் கொடு என்று இன்னொன்று சொல்லும்.

பாம்பன்காரன்:
1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் விட்டுவைக்கவில்லை. பாலம் போனால் உங்கள் ஒரே அறை அக்கரையில்தானே இருக்கும்?

ரெவின்யூ ரிட்டயர்டு:
அப்போது ரோடு பாலமே கிடையாது. அது 1988-ல்தான் வந்தது. இன்றைக்கு மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம். அவர்களையும் அரக்கோணத்துப் பேரிடர் மீட்புப் படையையும் கேட்டு வாங்குவது கலெக்டர் மட்டத்து வேலை. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் அவர்தான். புயலுக்கு முன்பே ஆளைத் தீவுக்குள் இறக்கிவிட்டால் போச்சு.

பாம்பன்காரன்:
சரி, இறக்கியாச்சு. டவர் சாய்ந்து போன் செத்துவிட்டால் அவர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்?

கீழக்கரை பாய்:
தீவுக்குத் தனி அறை கொடுத்தால் நாளைக்குத் தொண்டிக்காரர் கேட்பார், அப்புறம் நாங்களும் கேட்போம். புது அறையெல்லாம் எதுக்கு? தொடர்பு அறுந்தால் ராமேஸ்வரம் தாசில்தார் இன்னின்ன முடிவைக் கேட்காமலே எடுக்கலாம் என்று கலெக்டர் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கட்டுமே.

ரெவின்யூ ரிட்டயர்டு:
எழுத்தில் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தொடர்பு வந்த நிமிடமே அதிகாரம் திரும்பிவிட வேண்டும். அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பாம்பன்காரன்:
அந்த நிமிடம் எது என்பதையும் அக்கரைதான் சொல்லும், இல்லையா? எனக்கு இது பாதி வழிதான் பாய்.

வாடைக்காத்து:
எல்லாரும் கரையையே பேசுறீங்க. பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் தராது, விசைப்படகு நிற்கும், அதுவரை சரி. அதற்கு முன்னாலேயே போய்விட்டவனுக்குக் கொஞ்ச தூரத்துக்கு மேல் செல்போன் எடுக்காது. வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருக்கும் பக்கத்துப் படகு சொன்னால்தான் உண்டு. எந்தப் படகு வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு டோக்கன் நோட்டில் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த நோட்டோடு ஒரு ஆள் உங்க அறையில் உட்கார்ந்திருப்பாரா? அதைச் சொல்லுங்க முதல்ல.