புதுப்பிப்பு: அண்ணனின் மனச்சோர்வு மாத்திரையும் கல்லீரல் ரிப்போர்ட்டும்

தொண்டியில் இருக்கும் அண்ணன் மனச்சோர்வுக்கு டுலோக்செட்டின் சாப்பிடுகிறார், ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) ஏறியிருக்கிறது, நிறுத்திவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ராமநாதபுரம் போய் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டோம்.

அவர் முதலில் கேட்டது குடியைப் பற்றி. கடலுக்குப் போய்க் கரையேறினால் அண்ணனுக்கு அது வழக்கம். அண்ணி முன்னால் சொல்லத் தயங்கினார், நான்தான் சொன்னேன். அதிகமாகக் குடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் டுலோக்செட்டின் தவிர்க்க வேண்டிய மருந்தாம்.

மற்றபடி, இந்த வகை மாத்திரைகளால் கல்லீரல் மோசமாகக் கெடுவது அபூர்வம். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றில் ஆபத்து இன்னும் குறைவு. அகோமெலட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை மட்டும் வேறு கதை: தொடங்கும் முன்பும், பிறகு 3, 6, 12, 24-ஆம் வாரங்களிலும் எல்.எஃப்.டி. (கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். இயல்பு அளவின் உச்சத்தைப் போல 3 மடங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள்.

அண்ணனுக்கு 2 மடங்குகூட இல்லை. இருந்தாலும் குடியை நினைத்து செர்ட்ராலினுக்கு மாற்றுகிறார்கள். பழையதைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கிறார்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, உடம்பு அரித்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ உடனே வரச் சொன்னார்.

கீழாநெல்லி பற்றியும் கேட்டேன். இப்போது வேண்டாம், அளவு ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்றே தெரியாது என்றார். நியாயம்தான்.

அப்புறம், மனநோய் தீர வேண்டிப் போகும் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னவர்களுக்கு: அம்மா போய்விட்டு வந்தாயிற்று. மாத்திரையும் தொடர்கிறது.