'தி எலிஃபென்ட் மேன்': ஒப்பனை எப்படி, முகத்தை எப்போது காட்டுவது, எது நிஜம்?

குறும்படக்குழு:
வணக்கம் நண்பர்களே. முகம் உருமாறிப்போன ஒருவரை வைத்து 20 நிமிடக் குறும்படம் எழுதி முடித்திருக்கிறோம். பாடமாக டேவிட் லிஞ்சின் 'தி எலிஃபென்ட் மேன்' (1980) படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்த்து வருகிறோம். மூன்று சந்தேகங்கள். நாயகன் மெரிக்காக நடித்த ஜான் ஹர்ட் முகத்தில் அந்த ஒப்பனையை எப்படிக் கட்டினார்கள், சின்ன பட்ஜெட்டில் அது வருமா? முகத்தை எந்த இடத்தில் காட்டுவது? யானைக்கால் நோய் வந்தவரின் உண்மைக் கதை என்கிறார்களே, எவ்வளவு உண்மை? எங்கள் கதாபாத்திரத்தை யாரும் வேடிக்கைப் பொருளாகப் பார்த்துவிடக் கூடாது, அதுதான் எங்கள் கவலை.

அச்சும்வார்ப்பும்:
ஒப்பனையை லிஞ்ச் முதலில் தானே செய்து பார்த்தார், சரிவரவில்லை. பிறகு வந்தவர் கிறிஸ்டோபர் டக்கர். நிஜ மெரிக்கின் உடலிலிருந்து எடுத்த வார்ப்புகள் லண்டன் மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் வடித்தார். பயமுறுத்துவதற்காகக் கட்டிகளைக் கூட்டாமல் அந்த மனிதரின் அளவையே எடுத்துக்கொண்டது பெரிய விஷயம். போட 7 முதல் 8 மணி நேரம், கழற்ற 2 மணி நேரம். விடியற்காலை 5 மணிக்கு உட்கார்ந்தால் நண்பகலில்தான் கேமரா முன்னால் போக முடியும், இரவு 10 வரை படப்பிடிப்பு. அதனால் ஹர்ட் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நடித்தார். உங்கள் கால்ஷீட்டை இப்போதே அதற்கேற்ப மாற்றிவிடுங்கள்.

முறை இதுதான். ஆல்ஜினேட்டில் (பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் மாவு) நடிகரின் முகத்தை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் களிமண்ணில் உருவத்தை வடிக்க வேண்டும். ஒரே முகமூடியாக வடித்தால் கெட்டது. நெற்றி, கன்னம், மேலுதடு, தாடை என்று தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறுமாறு செய்யுங்கள். அப்போதுதான் உள்ளே தசை அசைந்தால் வெளியே தெரியும்.

இந்தத் துண்டுகளை வார்க்கும் ஃபோம் லேடக்ஸுக்குப் (நுரை ரப்பர்) பரவலாக உள்ள கணக்கு: பேஸ் 150 கிராம், நுரைப்பான் 30, கந்தகம் கலந்த க்யூரிங் 15, கடைசியில் இறுக வைக்கும் ஜெல்லிங் 14. பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும், டப்பாவில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். முதல் மூன்றையும் மிக்ஸரில் வேகமாக அடித்து நாலைந்து மடங்கு பொங்க வைத்து, பிறகு வேகத்தைக் குறைத்துப் பெரிய குமிழிகளை உடைக்க வேண்டும். அம்மோனியாவும் அதில்தான் வெளியேறும். ஜெல்லிங் விட்டபின் அதிகம் அடிக்காமல் அச்சில் ஊற்றி, இறுகியதும் சுமார் 85 டிகிரி செல்சியஸில் 3, 4 மணி நேரம் வேக வையுங்கள். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி உள்ளே பொத்தல் விழும். நம்ம ஊர் வெயிலில் ஊற்றுவதற்குள்ளேயே கலவை இறுகிவிடும், ஏசி அறை இல்லாமல் தொடாதீர்கள். சமையல் அவனில் வேக வைக்கவே கூடாது.

ஓரம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருக்க வேண்டும். கழற்றும்போது அது கிழிந்துவிடும், ஆகவே ஒரு நாளுக்கு ஒரு செட். 5 நாள் படப்பிடிப்பு என்றால் 7 செட் வார்த்து வையுங்கள். ஒரு வாரம் முன்னாலேயே நடிகரின் முழங்கை மடிப்பில் லேடக்ஸும் பசையும் தடவி ஒவ்வாமை பார்த்துவிடுங்கள்.

வெட்டுமேசை:
முகத்தைக் காட்டுற இடத்துலதான் இந்தப் படமே நிக்குது.  முதல்ல, மெரிக்கை ஆராயற மருத்துவர் ட்ரீவ்ஸ் அவரை வேடிக்கை காட்டுற இடத்துல பாக்குறார். கேமரா மெரிக் பக்கம் நிக்காம ட்ரீவ்ஸ் முகத்தை நோக்கி மெதுவா நகருது, ஆன்டனி ஹாப்கின்ஸ் கண்ணுலேர்ந்து தண்ணி இறங்குது. அடுத்து முகமூடித் துணியோட மெரிக் மருத்துவமனைக்கு வர்றார். அப்புறம் மருத்துவர்கள் கூட்டம்: திரைக்குப் பின்னால வெறும் நிழல். கிட்டத்தட்ட அரை மணி நேரம் கழிச்சு, சாப்பாடு கொண்டுவர்ற நர்ஸ் அலறும்போதுதான் நாம முழுசா பாக்குறோம். அந்த அலறல்ல யார் அதிகம் பயந்து போறாங்கன்னு கவனிங்க. மெரிக்தான். அந்த நொடியே நம்ம மனசு அவர் பக்கம் சாஞ்சிடுது.

அதுக்கப்புறம் படம் முகத்தை ஒளிக்கிறதே இல்ல. இதைப் பலர் தவற விடுறாங்க. கடைசி வரைக்கும் மறைச்சு வெச்சா அது பேய்ப்பட உத்தி ஆயிடும். 20 நிமிஷப் படத்துல 5ஆவது நிமிஷத்துக்குள்ள காட்டிடுங்க. மீதி நேரம் அவர் டீ குடிக்கட்டும், பேசட்டும்.

ஃப்ரெடி பிரான்சிஸோட கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு ஒட்டுத் தெரியாம இருக்கவும் உதவுச்சு. கலர்ல எடுத்தா தோல் நிறம் சேருதான்னு அதே லைட்ல டெஸ்ட் எடுத்தே ஆகணும்.

பழையபதிவு:
யானைக்கால் நோய் இல்லை. அது கொசு பரப்பும் ஃபைலேரியா புழுவால் வருவது. 'யானை மனிதன்' என்ற பெயரால் வரும் குழப்பம் இது. மெரிக்குக்கு இருந்தது புரோட்டியஸ் சிண்ட்ரோம் (எலும்பும் தோலும் கட்டுக்கடங்காமல் வளரும் அரிய நோய்) என்று 1986இல் முன்வைத்தார்கள், இன்று பெரும்பாலும் அதையே ஏற்கிறார்கள். அவருடைய இடது கை மட்டும் எந்தப் பாதிப்பும் இல்லாமல் மென்மையாக இருந்தது.

அவர் பெயர் ஜான் அல்ல, ஜோசப். 1862இல் லெஸ்டரில் பிறந்தார். 1923இல் ட்ரீவ்ஸ் எழுதிய நினைவுக்குறிப்பில் ஜான் என்று வந்ததைப் படமும் எடுத்துக்கொண்டது. படத்தில் அடித்துத் துன்புறுத்தும் பைட்ஸ் கற்பனைப் பாத்திரம். நிஜத்தில் மெரிக் சுமார் நாலு வருடம் ஏழைகள் விடுதியில் அடைந்து கிடந்து, அங்கிருந்து வெளியேற 1884இல் தானே, மனிதர்களை வேடிக்கை காட்டிப் பணம் பார்க்கும் ஒரு காட்சி நடத்துநருக்குக் கடிதம் எழுதினார். அது அவர் எடுத்த முடிவு. மருத்துவமனையிலிருந்து அவரைக் கடத்திப் போனதும் நடக்கவில்லை. காட்சிக்காக பெல்ஜியம் போன இடத்தில் வேறொரு நடத்துநர் சேமிப்பைப் பறித்துக்கொண்டு கைவிட, 1886இல் தானாகத்தான் லண்டன் திரும்பினார்.

ஒப்பனையில் அத்தனை நேர்மை காட்டிய படம் இந்த இடத்தில் அவரை வெறும் இரக்கத்துக்குரியவராகச் சுருக்கிவிட்டது என்பதே என் கருத்து. உங்கள் கதாபாத்திரம் எதையாவது வேண்டாம் என்று மறுக்கும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா, பாருங்கள்.

குறும்படக்குழு:
அப்படி ஒரு காட்சி இல்லை, எழுதிச் சேர்க்கிறோம். நெற்றித் துண்டுக்கு மட்டும் சிலிகான் போட்டால்?

அச்சும்வார்ப்பும்:
கலர் படத்துக்கு சிலிகானில் தோலின் ஊடுருவும் பளபளப்பு நன்றாக வரும். ஆனால் கனம். பெரிய நெற்றித் துண்டு அரை நாளில் தொங்க ஆரம்பித்துப் புருவத்தை இழுக்கும். நெற்றிக்கு ஃபோம், கண்ணோரத்துச் சின்னத் துண்டுகளுக்கு சிலிகான் போடுங்கள். இமைகளையும் வாயோரங்களையும் மூடாதீர்கள், நடிகர் நடிப்பதே அங்கேதான்.