கண்ணாடிக்குப் பதில் சொல்லுங்கள்

ஒற்றைத்திரி:
நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "‘நான்’ என்று தனியாக ஒன்றும் கிடையாது, சமூகம் நம்மேல் ஒட்டிய சீட்டுகளின் தொகைதான் மனிதன்." அதற்கு ஒரு கூட்டம் கைதட்டியும் இருக்கிறது. எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, கண்ணாடி முன் நிறுத்துங்கள். கை கண்ணாடிக்குப் போகாது, தன் மூக்குக்குப் போகும். "அது நான்" என்று அதற்கு எந்தச் சமூகம் சொல்லிக்கொடுத்தது? பல் முளைப்பதுபோல் அது தானாக வருகிறது. பண்பாடு பிறகு வந்து சட்டை மாட்டுகிறது, அவ்வளவுதான். இந்தக் கண்ணாடி சோதனைக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நெடுங்கணக்கு:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லாமல் திட்டுவது உங்களுக்குப் புதிதல்ல. கனவுகளைப் பற்றிய விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். முதலில் அது கண்ணாடிச் சோதனை. ‘ச்’ வரும்.

நீங்கள் பாதி படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். 1970இல் கார்டன் கேலப் என்ற உளவியலாளர் சிம்பன்சிகளை மயக்கி, புருவமேட்டிலும் காதிலும் மணமில்லாத சிவப்புச் சாயம் தடவினார். விழித்தெழுந்து கண்ணாடியைப் பார்த்ததும் அவை தம் முகத்தையே தொட்டுப் பார்த்தன. நீங்கள் படித்தது இதுவரை. மறுபாதி 1971இல் வந்தது. தன் இனத்தோடு சேராமல் தனியாக வளர்க்கப்பட்ட சிம்பன்சிகள் அதே சோதனையில் தோற்றன. கண்ணாடி இருந்தது, கண் இருந்தது, மூளையும் இருந்தது. துணை மட்டும்தான் இல்லை. பல் முளைக்கத் துணை வேண்டுமா?

ஒற்றைத்திரி:
இருட்டறையில் வைத்த செடி பூக்கவில்லை என்பதற்காக, பூவைச் செய்வது வெயில்தான் என்பீர்களா? தனிக் கூண்டில் வளர்த்த விலங்கின் மூளை கெட்டிருக்கும், தோற்றிருக்கும். நான் குழந்தையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் குரங்கைக் காட்டுகிறீர்கள். ‘ச்’ போட்டுவிட்டேன், நன்றி. கண்ணாடிச் சோதனைக்குப் பதில்?

தும்பி:
ஒரு சின்னக் கேள்வி. இருவரும் ‘நான்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? இது என் உடம்பு என்ற அறிவையா? நான் இப்படிப்பட்டவள் என்ற எண்ணத்தையா? ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுவதுபோல் இருக்கிறது.

நெடுங்கணக்கு:
தும்பி, அதற்குப் பிறகு வருகிறேன்.

குழந்தைதானே வேண்டும்? இதோ. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கென்யாவில் ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரையான குழந்தைகளிடம் இதே சோதனையைச் செய்தார்கள். மிகச் சிலரைத் தவிர யாரும் நெற்றியில் ஒட்டியிருந்ததைத் தொடவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். ஆறு வயதிலும் "பல் முளைக்காத" குழந்தைகளா அவர்கள்? பண்பாடு வெறும் சட்டை என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1902இல் சார்ல்ஸ் கூலி என்ற சமூகவியலாளர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம், அவர் நம்மை எப்படி மதிப்பிடுகிறார் என்று நாமே கற்பனை செய்துகொள்கிறோம். அதில் எழும் பெருமையோ வெட்கமோதான் ‘நான்’. அடுத்தவர் முகம்தான் நம் கண்ணாடி. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒற்றைத்திரி:
கூலி சொன்னது உவமை. நான் சொல்வது சுவரில் மாட்டும் கண்ணாடி. உவமையை வைத்து மூக்கைத் தொட முடியாது.

கென்யாக் குழந்தைகளுக்கு வருகிறேன். அவர்கள் ஏன் உறைந்து நின்றார்கள்? எதிரே நிற்பது வேறொரு குழந்தை என்று நினைத்திருந்தால் சிரித்திருக்கும், கை நீட்டியிருக்கும். தன்னைக் கண்டதால்தான் உறைந்தது. அந்த ஆய்வாளர்களே அக்குழந்தைகளுக்குத் தன்னுணர்வு இல்லை என்று முடிவுகட்டவில்லை. பாதி படிப்பவர் யார் என்று இப்போது தெரிகிறது.

நெடுங்கணக்கு:
அருமை! அப்படியானால் ஓரிடத்துக் குழந்தை தொடுகிறது, வேறிடத்துக் குழந்தை உறைகிறது. தொடுவதா உறைவதா என்று முடிவு செய்தது எது? உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். இது நாம் போன ஆண்டே பேசி முடித்த விஷயம்.

ஒற்றைத்திரி:
"நாம்" இல்லை ஐயா, "நாங்கள்". நீங்களும் உங்கள் கைதட்டல் குழுவும் பேசி முடித்தீர்கள். என்னைச் சேர்க்காதீர்கள். தமிழ் இந்த வசதியைச் செய்து வைத்திருப்பது இதற்குத்தான்.

நெடுங்கணக்கு:
பார்த்தீர்களா? யார் உள்ளே, யார் வெளியே என்பதை மொழியே உங்கள் நாவில் வைத்து அனுப்பியிருக்கிறது. ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு இல்லாத மொழியில் பிறந்திருந்தால் இந்தக் கோபத்தை இப்படிக் காட்டியிருக்க முடியுமா?

ஒற்றைத்திரி:
கோபம் எனக்கு. சொல் மொழிக்கு. கண்ணாடி?

வெயிலோன்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். 2019இல் ஒரு சிறு மீனும் இந்தச் சோதனையில் தேறியதாக அறிவித்தார்கள். மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் மீன் அது. தொண்டையில் வைத்த புள்ளியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தரையில் போய்த் தேய்த்ததாம். அந்த மீனுக்கும் ‘நான்’ உண்டு, பிறவியிலேயே பார்வையற்ற மனிதருக்குக் கிடையாது என்று எழுதிக்கொள்ளட்டுமா? ஹெலன் கெல்லர் எந்தக் கண்ணாடியைப் பார்த்தார்?

ஒற்றைத்திரி:
கெல்லருக்குப் பார்வையும் கேட்கும் திறனும் போனது 19ஆம் மாதத்தில். அதாவது நான் சொன்ன ஒன்றரை வயது, 18 மாதம், தாண்டியாகிவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நெடுங்கணக்கு:
இதற்குச் சிரிப்பதா அழுவதா! 1887 மார்ச்சில் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்து கையில் எழுத்துக்களை எழுதிக் காட்டும்வரை, தான் இருக்கிறோம் என்பதே தெரியாமல் இருந்ததாகக் கெல்லரே பின்னாளில் எழுதினார். அப்போது அவருக்கு ஆறு வயது. உங்கள் 18 மாதக் கணக்குப்படி அவர் ‘நான்’ என்பதை முன்பே பெற்று, எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனாரா? சொல் வந்தது, இன்னொரு மனிதர் வந்தார், ‘நான்’ வந்தது. வரிசையைக் கவனியுங்கள்.

ஒற்றைத்திரி:
பெரியவளான பிறகு எழுதிய நினைவு. ஆறு வயதில் ‘நான்’ இல்லாமலா அடம்பிடித்தார், உதைத்தார், அடுத்தவர் தட்டில் கைபோட்டார்? யாருக்காக?

தும்பி:
என் கேள்விக்கு யாரும் வரவில்லை, பரவாயில்லை. என் அம்மாவுக்குக் கடைசி இரண்டு ஆண்டுகள் மறதி நோய். அலமாரிக் கண்ணாடி முன் போனால் நின்றுவிடுவார். "யாரோ ஓர் அம்மா ரொம்ப நேரமாக நிற்கிறார், உட்காரச் சொல்" என்பார். ஒருநாள் நாற்காலியையே இழுத்துவந்து கண்ணாடி முன் போட்டார். பிறகு அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஆனால் சித்தி வந்து "பெரியக்கா" என்றால் போதும். கழுத்து நிமிரும், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொள்வார், "சாப்பிட்டாயா?" என்று அதட்டுவார். அந்த அதட்டல் அச்சு அசலாகப் பழைய அம்மா.

நெடுங்கணக்கு:
இதைவிடச் சான்று வேண்டுமா? முகம் போனது, பெயர் போனது. உறவு கொடுத்த ‘அக்கா’ மட்டும் மிஞ்சியது. நான் முதல் நாளிலிருந்து சொல்வது இதைத்தான். 1954இல் கூன், மக்பார்ட்லண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆட்களிடம் "நான் யார்?" என்ற கேள்விக்கு இருபது விடை எழுதச் சொன்னார்கள். முதலில் வந்து விழுந்தவை மாணவன், மகள், கணவன் போன்ற சமூக இடங்கள்தான். குணமும் மனநிலையும் பின்னால்தான் வந்தன.

ஒற்றைத்திரி:
தலைகீழ். அந்த அம்மாவைச் சுற்றி மகள், தங்கை, வீடு, மொழி எல்லாம் அப்படியே இருந்தன. சமூகம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கெட்டது மூளை. கெட்டதும் கண்ணாடியில் தோற்றார். ஆக, ‘நான்’ எங்கே இருக்கிறது? கண்ணாடிச் சோதனை எனக்கு இன்னொரு சாட்சி கொடுத்திருக்கிறது.

தும்பி:
என் அம்மா யாருக்கும் சாட்சி இல்லை. தெரியாமல் எழுதிவிட்டேன். விட்டுவிடுங்கள்.

நெடுங்கணக்கு:
தும்பி, தவறாக எண்ண வேண்டாம். அவரை மூளைக் கோளாறாகச் சுருக்கியது நானல்ல, எதிர்த்தரப்பு. பொதுவாகவே அவருக்கு மனிதரைவிடக் கண்ணாடிமேல் பிரியம் அதிகம். கனவு விவாதத்திலும்...

ஒற்றைத்திரி:
மறுபடியும் கனவா? அங்கே பதில் சொல்ல முடியாமல் என் இரண்டு பதிவுகளை நீக்கச் சொல்லிப் புகார் எழுதியவர் யார் என்று நான் இங்கே கேட்கவில்லை.

நெடுங்கணக்கு:
கேட்டுவிட்டீர்கள். அந்த இரண்டில் ஒன்று வேறொருவருடையது.

வெயிலோன்:
எனக்கு ஓர் ஐயம். கேலப் சாயம் தடவியது காதிலா, புருவத்திலா?

நெடுங்கணக்கு:
மேலேயே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பக்கப் புருவமேடு, எதிர்ப்பக்கக் காதின் மேல்பாதி.

ஒற்றைத்திரி:
காது எந்தப் பக்கம் இருந்தால் என்ன. நான் கேட்டது குழந்தையின் மூக்கு. அதற்கு இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.